கொடிகாமம் வழியாகக் கொக்குவில்

மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுழல்கிறது.
அதன் கீழ் இடம்பிடிக்க
ஏழரைக்கே வந்துவிடுகிறார் குணநாயகி மிஸ்.
நான் எட்டரைக்கு வருபவள்;
எனக்கு யன்னல், வெயில்,
ஸ்டான்லி வீதி ஓட்டோக்களின் இரைச்சல்.

சிவப்புப் பேனை. கட்டுக்கு முப்பத்தைந்து தாள்.
பெயரில்லை, பள்ளிக்கூடமில்லை, சுட்டெண் மட்டும்.
ஐந்தாம் வினா:
ஒன்றின் கீழே வர்க்கமூலம் ஐந்து சய இரண்டு.
பகுதியை விகிதமுறுவாக்குக.

வழி சின்னது.
கீழே நிற்பதை எடுத்து
நடுவிலுள்ள சயவைச் சகவாக்கி
மேலும் கீழும் பெருக்கு.
ஐந்தில் நாலு போக ஒன்று.
கீழே ஒன்று இருந்தால்
கீழே ஒன்றுமே இல்லை.
சேடு மாடியேறிவிடும்: √5 + 2.
மூன்று வரி, மூன்று புள்ளி.
காலையிலிருந்து எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன்,
கண்ணை மூடினாலும் குறி மாறுகிறது.

இந்தப் பிள்ளை குறியை மாற்றவில்லை.
அதையே அதனால் பெருக்கியிருக்கிறது.
கீழே இப்போது ஒன்பது சய நாலு வர்க்கமூலம் ஐந்து.
சேடு போகவில்லை,
கொழுத்திருக்கிறது.

இந்த இடத்தில் மற்றவர்கள்
குறுக்கே ஒரு கோடிழுத்துவிட்டு
முக்கோணங்களுக்குப் போய்விடுவார்கள்.
நானும் பேனையைச் சாய்த்தேன், பிழை போட.

பிள்ளை போகவில்லை.
அழிறப்பர் தாளைத் தின்ற ஓட்டைக்குப் பக்கத்தில்
இம்முறை சக போட்டு
மறுபடி பெருக்கியிருக்கிறது.
ஓரத்தில் எறும்பெழுத்தில்
ஒன்பதொன்பது எண்பத்தொன்று,
பதினாறைந்து எண்பது,
கழித்தால்

ஒன்று.

மேலே நாலு உறுப்பு. விரித்து, சேர்த்து, வெட்டி,
கடைசியில் கோட்டுக்கு வெளியே சரிந்தபடி
√5 + 2.

அருட்செல்வம் சேரிடம் கொண்டுபோனேன்.
"உது திட்டத்தில இல்லை, டீச்சர்.
முதல் படிக்கு ஒரு புள்ளி. முதல் படியே பிழை."
"பிழையில்லை சேர். மேலயும் கீழயும்
ஒரே எண்ணாலதான் பெருக்கினது.
பெறுமதி மாறேல்லை."
"கொக்குவிலுக்குப் போக
ஆரும் கொடிகாமத்தால போறதோ?"
"போய்ச் சேர்ந்திட்டுதே, சேர்."

விசிறிக்குக் கீழே யாரோ சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
பிஸ்கற் பெட்டியைப் பிரித்து உட்புறத்தில்
தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார்.
நம்பாமல் இன்னொருமுறை.
பிளேன்ரீ ஆறி ஆடை கட்டியது.

அந்த நேரத்தில் நான் நினைத்தது இதுதான்:
எதற்கு இந்தச் சட்டம்?
கல்குலேற்றர் இல்லாத காலத்தில்
முடியாத தசமத்தால் ஒன்றை வகுப்பது
ஒரு பின்னேரத்தை விழுங்கும் வேலை;
அதனால் சேட்டை மேலே அனுப்பினார்கள்.
இன்று கைபேசி அரை நொடியில் சொல்லும்.
இருந்தாலும் கேட்கிறோம்.
எத்தனை பங்கு என்று சொல்ல முடியாத ஒன்றை
அடியில் வைத்துக்கொண்டு
எதையும் பங்குபோட மனம் வருவதில்லை போலும்.
தெரியாது. நான் திருத்துகிறவள் மட்டும்.

"சரி. மாற்று முறை எண்டு எழுதி
உங்கட ஒப்பத்தை வையுங்கோ.
என்ரையை இல்லை."

வைத்தேன். மூன்று புள்ளி.
தலைப்புப் பக்கத்தில் கூட்டினேன்:
இருபத்தொன்பது.
மூன்றும் இல்லாவிட்டால் இருபத்தாறு.
முப்பத்தைந்துக்கு இரண்டுமே எட்டாது.
முக்கோணம், நிகழ்தகவு, வட்டம் எல்லாம் வெறும் பக்கங்கள்.
நேரம் முழுவதும்
கொடிகாமத்தில் செலவாகியிருக்கிறது.

பேனை மூடியைக் கடித்துக்கொண்டு
இன்னொருமுறை கூட்டினேன்.
கூட்டல் சரி.

அடுத்த தாள்.
அதே வினா.
ஒன்றின் கீழே வர்க்கமூலம் ஐந்து சய இரண்டு,
ஒரு சமக்குறி,
பிறகு வெள்ளை.